ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு: தாய்லாந்தா, வியட்நாமா, வளைகுடாவா, வீட்டு மேசையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஆங்கிலம் நன்றாக வரும் பட்டதாரிக்குக் கிடைக்கும் வேலைகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. டியூசன் மையத்தில் மணிக்கணக்குச் சம்பளம், பாலர் பள்ளி, தற்காலிக ஆசிரியர் பணி. இவை வேண்டாமென்றால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பெட்டி கட்ட வேண்டும். அதனால்தான் “வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகலாமா, எந்த நாட்டில் சம்பளம் அதிகம்?” என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சம்பளத்தில் தொடங்குவதுதான் இந்தக் கேள்வியின் கோளாறு. ஆங்கிலம் கற்பிக்கும் வேலையில் உங்கள் திறமையைப் பார்ப்பதற்கு முன்னால் கடப்பிதழின் நிறத்தையும் பட்டச் சான்றிதழையும் பார்க்கிறார்கள். எந்த நாடு உங்களை உள்ளே விடும் என்று தெரிந்துகொண்டால் நான்கே வழிகள் மிஞ்சும். அந்த நான்கில் எது லாபம் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

முதலில், மூடிய கதவுகள்

தென்கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா ‘இ-2’ எனப்படும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக அது கிடைக்கும். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே இடமில்லை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 9 வாங்கினாலும் இதில் மாற்றமில்லை. “கொரியா வேலை, விசாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்பவர் உங்களைச் சுற்றுலாப் பயணியாக அனுப்பத் திட்டமிடுகிறார்.

ஜப்பான் பாதி மூடிய கதவு. பள்ளிகளில் துணை ஆசிரியராகப் பணிபுரியத் தரும் அனுமதிக்கு, கற்பிக்கப்போகும் மொழியிலேயே 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டு என்று வந்த நம் பிள்ளைகளுக்கு அதில் ஓராண்டுகூடத் தேறாது. தனியார் மொழிப் பள்ளிகளுக்கு விசா வகை வேறு. பட்டம் இருந்தால் சட்டம் தடுக்காது. ஆனால் அந்த நிறுவனங்களே பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களைத்தான் தேடுகின்றன. முயன்று பார்க்கலாம். இதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

சீனாவில் 2021 ஜூலையில் வந்த கட்டுப்பாடுகள் தனியார் டியூசன் துறையைச் சுருக்கிவிட்டன. வெளிநாட்டில் இருந்துகொண்டு சீனப் பள்ளி மாணவர்களுக்கு இணையம்வழி வகுப்பு நடத்துவதையும் தடை செய்தன. இன்றும் அந்த வேலைக்கு விளம்பரம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும். உங்களிடம் இப்போது உள்ள சான்றிதழ்களுக்குச் சட்டப்படி வேலை அனுமதி கிடைக்குமா? முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க எவ்வளவு பணம் வேண்டும்? வாடகை, வரி, விடுமுறை மாதங்கள் எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சும்? வீட்டில் அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் ஊர் வந்து சேரலாம்? அங்கே போடும் ஓராண்டு உழைப்பு அடுத்த வேலைக்கு எண்ணப்படுமா?

இவற்றோடு, எந்த விளம்பரத்திலும் வராத ஒரு செலவையும் சேர்க்க வேண்டும். மலேசியாவில் மாதம் 2,500 ரிங்கிட் சம்பளத்தில் இருப்பவருக்கு ஊழியர் சேமநிதியில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. இரண்டும் சேர்த்து மாதம் 600 ரிங்கிட், ஆண்டுக்கு 7,200. வெளிநாடு போன அன்றே அது நின்றுவிடும். ஆகவே வெளிநாட்டுச் சம்பளத்தை ஒப்பிடும்போது முதலாளி போட்டுவந்த 325 ரிங்கிட்டை உள்ளூர்ச் சம்பளத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகக் காப்புறுதியின் பாதுகாப்பும் போய்விடும். மருத்துவக் காப்புறுதியைச் சொந்தமாக வாங்க வேண்டும். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் இருந்தால் மாதத் தவணை நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார் தவணையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் அப்படித்தான்.

தாய்லாந்து: பக்கத்து வீடு, ஆனால் காகிதம் அதிகம்

சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறினால் பாடாங் பெசார். அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ஹாட்யாய். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால் அன்றே புறப்பட்டு வந்துவிடலாம். மற்ற எந்த நாடும் தர முடியாத வசதி இது. தோட்ட வீட்டில் வயதான பெற்றோர் தனியாக இருக்கும் குடும்பங்களுக்கு இதை ரிங்கிட்டில் அளக்க முடியாது.

சட்டப்படி வேண்டியவை: ஏதாவது ஒரு துறையில் இளங்கலைப் பட்டம், மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்றிதழ். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை என்பதால் டோயிக் ஆங்கிலத் தேர்வில் குறைந்தது 600 மதிப்பெண் அல்லது அதற்கு இணையான சான்று கேட்பார்கள். பள்ளி தரும் ஆவணங்களை வைத்து ‘நான்-பி’ எனும் வேலை விசாவுக்கு மலேசியாவிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 90 நாள் விசாவில் உள்ளே போய், வேலை பெர்மிட் எடுத்து, பிறகு ஓராண்டுக்கு நீட்டிப்பார்கள். கல்வியியல் பட்டம் இல்லாதவர்களுக்குத் தாய்லாந்து ஆசிரியர் மன்றம் 2 ஆண்டுத் தற்காலிக அனுமதி தரும். ஓரளவுக்கு மேல் அதைப் புதுப்பித்துக்கொண்டே போக முடியாது. நீண்ட காலம் இருக்க நினைப்பவர் அதற்குள் கல்வியியல் தகுதி ஒன்றைப் பெற வேண்டும்.

சம்பளம்தான் இங்கே உறுத்தும் இடம். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே எண்ணிக்கை வகுப்புகள். ஆனால் விளம்பரத்தில் இரண்டு சம்பளம். ஆங்கிலத் தாய்மொழிக்காரருக்கு மாதம் 30,000 முதல் 40,000 பாட் என்றால், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 20,000 முதல் 28,000. பேரம் பேசிப் பெரிதாக மாற்ற முடியாது. கணிதம் அல்லது அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழித் திட்டப் பள்ளிகளில் இந்த வேறுபாடு குறையும். அந்தப் பாடங்களில் பட்டம் உள்ளவர்கள் வெறும் ஆங்கில ஆசிரியராக விண்ணப்பிப்பது கையில் இருக்கும் துருப்புச் சீட்டை வீணாக்குவது.

அடுத்து, ஒப்பந்தத்தில் எத்தனை மாதச் சம்பளம் என்று பாருங்கள். தாய்லாந்துப் பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, அக்டோபரில் இடைவேளை. முகவர் நிறுவனம் மூலம் அரசுப் பள்ளிக்குப் போனால் 10 மாதச் சம்பளம்தான் கிடைப்பது வழக்கம். 25,000 பாட் பத்து மாதத்துக்கு 2,50,000. நேரடியாகப் பள்ளியே எடுத்து 12 மாதமும் 23,000 கொடுத்தால் 2,76,000. குறைந்த சம்பளம் போலத் தெரிவதுதான் ஆண்டுக்கு 26,000 பாட் கூடுதல்.

தாய்லாந்தில் நம் ஆட்கள் சிக்கும் இடம் தீபாவளி. ஊர் பக்கம்தானே என்று வெள்ளிக்கிழமை மாலை பாடாங் பெசார் வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மறுநுழைவு அனுமதி எடுக்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த முத்திரையோடு செத்துவிடும். விசா வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறைக்கான மறுநுழைவு அனுமதி 1,000 பாட், பலமுறைக்கானது 3,800 பாட். ஆண்டுக்கு நான்கு முறை ஊர் வருபவருக்குப் பலமுறை அனுமதிதான் மலிவு. குடிநுழைவு அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதும், வீட்டுக்காரர் உங்கள் வருகையை 24 மணி நேரத்தில் பதிவதும் சட்டம். வீட்டுக்காரர் அதைச் செய்யவில்லை என்றால் நீட்டிப்பின்போது அலைச்சல் உங்களுக்கு.

ஹாட்யாய், சொங்க்லா நகரம் சரி. யாலா, பத்தானி, நாராதிவாட் மாநிலங்களில் வேலை வந்தால், நீண்டகாலக் கலவரப் பகுதி என்பதால் காப்புறுதி செல்லுமா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வியட்நாம்: வேலை அதிகம், சம்பளம் மணிக்கணக்கு

ஹோ சி மின் நகரிலும் ஹனோயிலும் ஆங்கில மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தேவை பெரியது என்பதால் தாய்மொழிக்காரர் அல்லாதவர்களையும் எடுக்கிறார்கள். வியட்நாம் கல்வி அமைச்சின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, மையங்களில் கற்பிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும்: பட்டம், மொழி கற்பிக்கும் சான்றிதழ், மொழித்திறனுக்கான ஐரோப்பிய அளவுகோலில் சி1 நிலைக்கு இணையான ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று. ஐஇஎல்டிஎஸ்ஸில் அது 7.0. ஆங்கிலத்திலோ ஆங்கிலக் கல்வியியலிலோ பட்டம் பெற்றவர்களுக்கு இந்தச் சுமை குறையும். வேலை பெர்மிட் கேட்கும்போது முன் அனுபவக் கடிதமும் கேட்கக்கூடும். டியூசன் மையத்தில் வேலை பார்த்திருந்தால், பதிவு எண் உள்ள கடிதத்தாளில், தேதிகளோடு, முழுநேரமா பகுதிநேரமா என்று குறிப்பிட்டு இப்போதே வாங்கி வையுங்கள். மையம் மூடப்பட்ட பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது.

மலேசியாவின் மூவெட் ஆங்கிலத் தேர்வு இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். 2021 முதல் அதுவும் ஐரோப்பிய அளவுகோலோடு இணைக்கப்பட்டதுதான். பேண்ட் 5 என்பது சி1. ஆனால் மலேசியாவுக்கு வெளியே வேலை அனுமதி அலுவலகங்களுக்குப் பழக்கமானது ஐஇஎல்டிஎஸ். அதற்கான கட்டணத்தைத் தவிர்க்க முடியாத செலவாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

கற்பிக்கும் சான்றிதழில் இரண்டு வகை. 120 மணி நேர இணையவழி டெஃபல் படிப்பு சில நூறு ரிங்கிட்டில் முடியும். வேலை அனுமதிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். செல்டா வேறு தரம்: 120 மணி நேர வகுப்பு, அதோடு உண்மையான மாணவர்கள் முன்னால் பயிற்றுநர் பார்க்க 6 மணி நேரம் கற்பித்தல். முழுநேரமாகப் படித்தால் 4 வாரம், இணையவழியிலும் உண்டு. செலவு பல ஆயிரம் ரிங்கிட். ஓராண்டு போய்வந்து பார்க்கலாம் என்பவருக்கு டெஃபல் போதும். இதையே தொழிலாக வைத்துக்கொள்ள நினைப்பவர், முதல் ஆண்டுச் சேமிப்பில் செல்டா எடுப்பது புத்திசாலித்தனம். வேலை பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் கடன் வாங்கிச் செல்டா படிப்பதைச் சிபாரிசு செய்ய முடியாது.

வியட்நாம் ஒப்பந்தத்தில் ‘வரை’ என்ற சொல்லைத் தேடுங்கள். “வாரம் 20 மணி நேரம் வரை” என்றால் 8 மணி நேரமும் அதற்குள் அடக்கம். “மாதம் குறைந்தது இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி” என்று எழுதியிருந்தால்தான் வாடகையைத் திட்டமிட முடியும். வகுப்புகள் மாலை 5 மணிக்கு மேலும் சனி, ஞாயிறு முழுவதும் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் டெட் புத்தாண்டுக்கு மையங்கள் ஒரு வாரத்துக்கு மேலாகவே மூடிவிடும். மணிக்கணக்குச் சம்பளக்காரருக்கு அந்த நாட்களில் ஒன்றுமில்லை. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் பக்கத்தில் வருவதால் ஊர் வரலாம் என்பது ஒரு ஆறுதல். ஆனால் விமான டிக்கெட் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

வரிக் கணக்கில் 183 நாள் முக்கியம். வியட்நாமில் அதற்குக் குறைவாக இருப்பவருக்கு வருமானத்தில் நேராக 20 விழுக்காடு பிடிப்பார்கள். அதற்கு மேல் இருந்தால் 5 விழுக்காட்டில் தொடங்கும் படிநிலை வரி. முதல் சில மாதங்களில் 20 பிடித்துவிட்டு ஆண்டு முடிவில் சரிசெய்வதாக நிறுவனம் சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள்.

மலேசியர்களுக்கு வியட்நாமில் 30 நாள் விசா தேவையில்லை. இந்தச் சலுகைதான் பொறியாகவும் ஆகிறது. “முதலில் வந்து வகுப்பைத் தொடங்குங்கள், பெர்மிட் பிறகு” என்பார்கள். பெர்மிட் இல்லாமல் வகுப்பில் நின்றால் அபராதமும் நாடு கடத்தலும் உங்கள் தலையில். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கக்கூட வாய் இருக்காது.

வளைகுடா: ஆசிரியர் பட்டம் உள்ளவர்களுக்கு

ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், கத்தார், குவைத் ஆகிய நாடுகளில் தேடுவது ‘ஆங்கிலம் பேசத் தெரிந்தவரை’ அல்ல, ஆசிரியரை. கல்வியியல் பட்டம் அல்லது ஆங்கிலப் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சி, அதற்கு மேல் வகுப்பறையில் 2 ஆண்டு அனுபவம் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. நிர்வாகவியல் பட்டமும் டெஃபலும் வைத்திருப்பவர் இங்கே விண்ணப்பித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

தகுதி இருந்தால் நான்கு வழிகளிலும் அதிகப் பணம் மிஞ்சுவது இங்கேதான். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. தங்குமிடம், ஆண்டுக்கு ஒருமுறை விமான டிக்கெட், மருத்துவக் காப்புறுதி மூன்றும் பல பள்ளிகளின் ஒப்பந்தத்தில் சேர்ந்தே வரும். அமீரகச் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவையும் வேலை அனுமதிச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும். உங்களிடம் விசா கட்டணம் கேட்கும் பள்ளி முதல் படியிலேயே சட்டத்தை மீறுகிறது. இங்கேயும் கடப்பிதழைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கும் பழக்கம் உண்டு. மேற்கத்திய ஆசிரியர்களுக்கு ஒரு அட்டவணை, ஆசிய ஆசிரியர்களுக்கு இன்னொன்று.

ஒப்பந்தத்தில் மொத்தத் தொகைக்குக் கீழே ‘அடிப்படைச் சம்பளம்’ எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணி முடிவுத் தொகை முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 6,000 திர்ஹாம், அதில் அடிப்படை 2,500 என்றால் ஓராண்டுக்குச் சேர்வது 1,750 திர்ஹாம். அதே 6,000-இல் அடிப்படை 4,000 என்றால் 2,800. படிகளை (அலவன்ஸ்) ஏற்றி அடிப்படையைக் குறைப்பது பள்ளிகளுக்கு லாபம். ஓராண்டு முடியாமல் கிளம்பினால் இந்தத் தொகையே கிடையாது. சோதனைக் காலம் 6 மாதம் வரை நீளலாம்.

இன்னொன்று, மருத்துவச் சோதனை. நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலும் விசா சிக்கலாகும். குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், வேலையை விடுவதற்கு முன்னால் உள்ளூரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பத்து ரிங்கிட் செலவு, பெரிய நிம்மதி.

மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் வளைகுடா என்றதும் முகம் சுளிப்பார்கள். பள்ளியே தங்குமிடம் தந்து, சக ஆசிரியைகளோடு இருக்கும் ஏற்பாடு, வியட்நாமில் தனியாக வாடகை அறை தேடுவதைவிடப் பல வகையில் ஒழுங்கானது. தமிழ்நாட்டு, கேரள ஆசிரியைகள் அங்கே நிறைய. சாம்பாருக்குப் பஞ்சமில்லை.

வீட்டு மேசை: இணையவழி வகுப்பு

பட்டம் முடிக்காதவர்கள், டிப்ளோமாவோ எஸ்பிஎம் பள்ளித் தேர்வோ மட்டும் உள்ளவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், இவர்களுக்குச் சட்டப்படி திறந்திருக்கும் வழி இது ஒன்றே. சில தளங்கள் பட்டம் கேட்பதில்லை. மாணவர்தான் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறார்.

விலையை நீங்களே வைக்கலாம் என்பது உண்மை, முழுவதும் உங்களுக்கு வராது என்பதும் உண்மை. பிரெப்லி என்ற கற்பித்தல் தளம் உங்கள் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளும் தொடக்கக் கழிவு 33 விழுக்காடு. நீங்கள் நடத்தும் மணிகள் கூடக்கூட அது 18 வரை இறங்கும். புது மாணவரின் சோதனை வகுப்புக்கு உங்களுக்கு எதுவும் கிடையாது. ஒரு வகுப்புக்கு 10 டாலர் வைத்தால் கைக்கு 6.70. வகுப்பு 50 நிமிடம், தயாரிப்பும் குறிப்பு எழுதுவதும் 25 நிமிடம் என்றால் ஒரு மணி நேர உழைப்புக்கு 5.36 டாலர். தொடக்கத்தில் மாணவர் விமர்சனங்கள் சேர 10 டாலருக்கும் கீழே வைக்க வேண்டிவரலாம். முதல் மூன்று மாதம் இதைச் சம்பளம் என்று எண்ணாமல், கடை திறந்து வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் காலம் என்று எண்ணுங்கள்.

நேர வித்தியாசத்தைக் கொண்டு மாணவரைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானும் கொரியாவும் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். அவர்களின் இரவு 7 முதல் 10 என்பது நமக்கு 6 முதல் 9. சவூதி 5 மணி நேரம் பின்னால். அங்கே இரவு 7 என்றால் இங்கே நள்ளிரவு. ஜெர்மனி மாணவர் கோடையில் மாலை 6 மணிக்கு வருவதும் நமக்கு நள்ளிரவுதான். மாலையில் டியூசன் மையத்தில் வேலை பார்ப்பவருக்குக் கிழக்காசிய மாணவர்கள் பொருந்த மாட்டார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாலை நேரத்துக்குப் போட்டி போடும்.

தோட்டப்புற நகரத்தில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ஆங்கிலம் அல்ல, ஒலியும் இணைப்பும்தான். மாலை மழை தகரக் கூரையில் விழுந்தால் மடிக்கணினியின் ஒலிவாங்கி உங்கள் குரலை விழுங்கிவிடும். வாய்க்குப் பக்கத்தில் வரும் ஒலிவாங்கி உள்ள ஹெட்செட் வாங்குங்கள். முடிந்தால் கீழே உட்கூரை போட்ட அறையைத் தேர்ந்தெடுங்கள். கோயில் திருவிழா நாட்களில் வகுப்பு வைக்காதீர்கள். தெளிவான காணொளி வகுப்புக்கு மேலேற்ற வேகம் நொடிக்கு 4 மெகாபிட் இருந்தால் போதும். வேகத்தைவிட அறுபடாத இணைப்பு முக்கியம். ஆகவே வைஃபையை நம்பாமல் ரௌட்டரிலிருந்து கம்பி இழுங்கள். ரௌட்டருக்கும் மோடத்துக்கும் 15 முதல் 20 வாட்தான் தேவை. ஒரு சிறு யுபிஎஸ் இருந்தால் மின்சாரம் போனாலும் நடக்கும் வகுப்பை முடித்துவிடலாம். கைத்தொலைபேசி டேட்டாவை மாற்று வழியாக வைத்திருங்கள். வீட்டு இணையமும் தொலைபேசியும் வெவ்வேறு நிறுவனமாக இருக்கட்டும்.

மாணவர் வெளிநாட்டில் இருப்பதால் வரி இல்லை என்று நினைப்பது தவறு. வேலை நடப்பது மலேசியாவில், ஆகவே அது மலேசியாவில் ஈட்டிய வருமானம். சொந்தத் தொழிலாக வருமான வரியின் ‘பி’ பாரத்தில் காட்ட வேண்டும். ஹெட்செட், இணையக் கட்டணம் ஆகியவற்றில் தொழிலுக்கான பங்கைக் கழிக்க ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | தாய்லாந்து | வியட்நாம் | வளைகுடா | இணையவழி |
|---|---|---|---|---|
| குறைந்தபட்சத் தகுதி | பட்டம், டோயிக் 600 | பட்டம், டெஃபல், சி1 சான்று | கல்வியியல் பட்டம், பெரும்பாலும் 2 ஆண்டு அனுபவம் | தளத்தைப் பொறுத்தது. பட்டம் கட்டாயமில்லை |
| புறப்படும்போது கையில் வைக்க வேண்டியது | சுமார் 7,000 ரிங்கிட் | சுமார் 9,000 ரிங்கிட் | சுமார் 4,000 ரிங்கிட் | 1,500 முதல் 3,000 ரிங்கிட் |
| மாதம் மிஞ்சுவது | குறைவு | நடுத்தரம், ஏற்ற இறக்கம் | அதிகம் | தொடக்கத்தில் மிகக் குறைவு |
| மறைந்த செலவு | சம்பளமில்லா மாதங்கள், மறுநுழைவு அனுமதி | டெட் மூடல், 20 விழுக்காடு வரி | ஆவண உறுதிப்படுத்தல், குறைந்த அடிப்படைச் சம்பளம் | தளக் கழிவு, சோதனை வகுப்பு |
| ஊர் திரும்பும் தூரம் | ரயிலில் ஒரு நாள் | விமானம் | நீண்ட விமானப் பயணம் | தேவையில்லை |
| அடுத்த வேலைக்கு மதிப்பு | நன்று | நன்று | மிக நன்று | குறைவு |

கையிருப்புத் தொகையில் தேர்வுக் கட்டணம், ஆவணச் செலவு, டிக்கெட், அறை முன்பணம், முதல் சம்பளம்வரை சாப்பாடு எல்லாம் அடக்கம். வளைகுடாவுக்குக் குறைவாக இருப்பதற்குக் காரணம் டிக்கெட்டும் தங்குமிடமும் பள்ளியுடையது என்பதுதான்; உங்கள் ஒப்பந்தத்தில் அவை இல்லை என்றால் அந்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள்.

யாருக்கு எது

கல்வியியல் பட்டமும் வகுப்பறை அனுபவமும் இருந்தால் வளைகுடா. மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம். அரசு ஆசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்காணலுக்குக் காத்திருப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும். அழைப்பு வரும் நேரத்தில் நீங்கள் துபாயில் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கக்கூடும்.

வேறு துறைப் பட்டம், ஐஇஎல்டிஎஸ் 7.0 எட்டக்கூடிய ஆங்கிலம், 25 வயதுக்கு ஒட்டிய வயது, வீட்டுப் பொறுப்பு குறைவு என்றால் வியட்நாம். பெற்றோரை விட்டுத் தூரம் போக முடியாது, பணம் சேர்ப்பதைவிடப் பள்ளி அனுபவம்தான் வேண்டும் என்றால் தாய்லாந்து. அங்கே 2 ஆண்டு முறையான பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே கல்வியியல் தகுதியை முடித்தால் அடுத்து வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கலாம். தாய்லாந்துச் சம்பளத்தை நியாயப்படுத்தும் ஒரே கணக்கு அதுதான்.

பட்டம் இல்லாதவருக்கு இணையவழி. ‘பட்டம் வேண்டாம், மாதம் 6,000 ரிங்கிட், டிக்கெட் இலவசம், தாய்லாந்தில் ஆங்கில வேலை’ என்று டெலிகிராமில் வருவதைத் தொடவே தொடாதீர்கள். இப்படிப் போன மலேசிய இளைஞர்கள் தாய்லாந்தின் மே சொட் எல்லை வழியாக மியன்மாருக்குக் கடத்தப்பட்டு மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். கம்போடியாவிலும் இதே கதை. உண்மையான பள்ளி பட்டச் சான்றிதழ் நகல் கேட்கும், காணொளியில் மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லும், விசா வரும்வரை காத்திருக்கச் சொல்லும். ஒன்றுமே கேட்காத முதலாளிக்கு ஆசிரியர் தேவையில்லை. முகவர் மூலம் போனால், தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்படி வெளிநாட்டு ஆள்சேர்ப்புக்கான உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று தொழிலாளர் துறையில் கேளுங்கள். உள்நாட்டு வேலைக்கு மட்டும் செல்லும் ‘ஏ’ வகை உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவைத்து வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பதும் நடக்கக்கூடியதுதான்.

காகிதங்களை எடுக்கும் வரிசை

முதல் வேலை பெயர் சரிபார்ப்பது. அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) இருக்கும். பட்டச் சான்றிதழில் இல்லாமல் போகலாம், அல்லது ‘அனாக் லெலாக்கி’ என்று முழுதாக இருக்கலாம். வெளிநாட்டுக் கணினி அந்தச் சாய்கோட்டை (/) ஏற்காது. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மூன்று ஆவணத்தில் மூன்று விதமாகப் பெயர் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பல்கலைக்கழகப் பதிவாளரிடமிருந்தோ, சத்தியப் பிரமாணம் மூலமோ “இவர் ஒரே ஆள்” என்ற கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதியும்போது கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள்.

இரண்டாவது, பட்டத்தை உறுதிப்படுத்துவது. உயர்கல்வி அமைச்சின் சரிபார்ப்பு முதலில், புத்ராஜெயாவில் விஸ்மா புத்ராவின் (வெளியுறவு அமைச்சு) தூதரகச் சேவைப் பிரிவு அடுத்து, கோலாலம்பூரில் உள்ள அந்த நாட்டுத் தூதரகம் கடைசி. வரிசை மாறினால் திருப்பி அனுப்புவார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நாள் வேலையும் பயணச் செலவும் வீண். அசல் பட்டத்தில் முத்திரை குத்தவிடாமல், உறுதிப்படுத்திய நகலில் வாங்க முடியுமா என்று கேளுங்கள்.

மூன்றாவது ஐஇஎல்டிஎஸ் அல்லது டோயிக். இரண்டின் முடிவும் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் எழுதினால் போதும். நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசிக்கு வையுங்கள். விஸ்மா புத்ராவில் இணையம் வழி விண்ணப்பிக்கலாம், கட்டணம் 20 ரிங்கிட். ஆனால் வெளிநாட்டு அலுவலகங்கள் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் பழைய சான்றிதழை ஏற்பதில்லை. வேலை உறுதியாவதற்கு முன்பே எடுத்து வைத்தால், தேவைப்படும் நாளில் அது காலாவதியாகியிருக்கும்.

காலக் கணக்கு இப்படி: செப்டம்பரில் தொடங்கும் வளைகுடாப் பள்ளி ஆண்டுக்கு ஜனவரி முதல் ஏப்ரல்வரை ஆள் எடுப்பார்கள். தாய்லாந்தில் மே, நவம்பர் தவணைகளுக்கு இரண்டு மாதம் முன்னால் விளம்பரம் வரும். வியட்நாமில் ஆண்டு முழுவதும் எடுத்தாலும், டெட் முடிந்த பிறகும் ஜூன் கோடை வகுப்புகளுக்கு முன்பும்தான் இடம் அதிகம். வளைகுடாவைக் குறிவைப்பவர் பட்ட உறுதிப்படுத்தலை அதற்கு முந்தைய அக்டோபரிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.